மூசாராம் ஆன பிரெஞ்சுத் தளபதி

மாரெட்பள்ளியிலிருந்து தில்சுக்நகர், சரூர்நகர் பக்கம் வேலைக்குச் செல்லும் தமிழர்கள் மூசாரம்பாக் என்ற பெயரை நாள்தோறும் கேட்கிறார்கள். பஸ் கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவுகிறார். மெட்ரோ ரயில் நிலையத்திலும் அதே பெயர் எழுதியிருக்கிறது. மூசாராம் யாரோ ஒரு சாது என்றோ, அந்தக் காலத்து சேட் ஒருவர் என்றோ எண்ணியிருப்போர் பலர். ஆனால் அவர் பிரான்ஸ் நாட்டில் பிறந்து, புதுச்சேரியில் கரையிறங்கி, ஐதராபாத் நிஜாமின் படைத்தளபதியாக மறைந்த ஒரு வெள்ளைக்காரர். அவருடைய இயற்பெயர் மிஷேல் ஜோவாஷிம் மரி ரேமண்ட். இந்தப் பெயர் உள்ளூர் மக்கள் வாயில் நுழையவில்லை. இந்துக்கள் அவரை மூசா ராம் என்றார்கள். முஸ்லிம்கள் மூசா ரஹீம் என்றார்கள். அவர் பெயரால் ஒரு பேட்டையே உண்டாயிற்று.

மாரெட்பள்ளித் தமிழருக்கும் இந்த மனிதருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் மறைந்த ஆண்டில் நடந்த ஒரு காரியத்தின் விளைவாகவே செகந்திராபாத் என்ற ஊர் தோன்றியது. அந்த ஊர் தோன்றியதால்தான் சென்னைப் பக்கத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து குடியேறினார்கள். ஐரோப்பியர் ஏன் கடல் கடந்து வந்தார்கள், வியாபாரம் செய்ய வந்தவர்கள் நாடாளத் தொடங்கியது எப்படி என்ற கேள்விகளுக்கு இந்த ஒருவருடைய வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது.

மிளகும் துணியும்

ரேமண்ட் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1498-ம் ஆண்டில், போர்ச்சுகீசிய மாலுமி வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அவரை இழுத்து வந்தது மிளகு. மலபாரில் விளைந்த மிளகு அராபிய வணிகர் கைக்கும், பிறகு வெனிஸ் நகர வணிகர் கைக்கும் மாறி ஐரோப்பியச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை பன்மடங்கு ஏறிவிடும். இடையில் உள்ளவர்களை ஒதுக்கிவிட்டு, விளையும் இடத்திலேயே வாங்கினால் லாபம் முழுவதும் தமக்கே என்று போர்ச்சுகீசியர் கணக்குப் போட்டார்கள். கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பும் ஆர்வமும், அண்டை நாட்டான் முந்திக் கொள்வானோ என்ற அச்சமும் அதோடு சேர்ந்து கொண்டன.

பின்னால் வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மிளகோடு நிற்கவில்லை. சோழமண்டலக் கரையில் தமிழ், தெலுங்கு நெசவாளர்கள் நெய்த துணிக்கு உலகமெங்கும் கிராக்கி இருந்தது. ஜாவா, சுமத்ரா தீவுகளில் வாசனைப் பொருள் வாங்க வேண்டுமென்றால் அங்கே பணத்தைவிட இந்தியத் துணிக்கே மதிப்பு அதிகம். கோல்கொண்டா சுல்தான்களின் துறைமுகமான மசூலிப்பட்டினத்தில் 1605-ல் டச்சுக்காரரும், 1611-ல் ஆங்கிலேயரும், 1669-ல் பிரெஞ்சுக்காரரும் பண்டகசாலை வைத்தார்கள். 1639-ல் சென்னையில் ஆங்கிலேயருக்கு இடம் கிடைத்தது. 1674-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கால் ஊன்றினார்கள்.

இதில் அவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. நம் நாட்டார் விரும்பி வாங்கும் சரக்கு ஐரோப்பாவில் அதிகம் இல்லை. துணிக்கும் மிளகுக்கும் வெள்ளியாகவே எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களில் எடுத்த வெள்ளி கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. நாட்டுச் செல்வம் வெளியே போகிறதே என்று அவர்கள் ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளி கொடுக்காமல் சரக்கு வாங்க வழியுண்டா என்று கும்பினிக்காரர்கள் தேடினார்கள். அந்த வழியைக் கண்டுபிடித்தவர் புதுச்சேரி கவர்னர் டூப்ளே.

1746-ம் ஆண்டு அக்டோபரில், சென்னை அடையாற்றங்கரையில், ஆற்காட்டு நவாபின் பெரும்படையை பிரெஞ்சுக்காரரின் மிகச் சிறிய படை விரட்டியடித்தது. ஒழுங்காகப் பயிற்சி பெற்று, வரிசையில் நின்று சுடும் சிப்பாய்க்கு எத்தனை வலிமை என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது. நம் அரசர்களோ அரியணைக்காக ஒருவரோடொருவர் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பட்டாளத்தைக் கடன் கொடுத்து, அதன் சம்பளத்துக்காக நிலவரியை வாங்கிக்கொள்வது என்பதே டூப்ளேயின் வழி. 1751-ல் அவருடைய தளபதி புஸ்ஸி ஐதராபாத் நிஜாமுக்குத் துணையாக வந்தார். 1753-ல் படைச் செலவுக்காக வட சர்க்கார் மாவட்டங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. ஆனால் பாரிஸில் இருந்தவர்கள் டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து அதே வித்தையை ஆங்கிலேயர் தொடர்ந்தார்கள். 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அதன்பின் வங்காளத்தாரின் வரிப்பணத்திலேயே வங்காளத்துச் சரக்கை வாங்கிக் கப்பலேற்றினார்கள்.

கடை வைக்க வந்த இளைஞர்

1755-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி, பிரான்ஸின் தென்மேற்கே கஸ்கோனி பகுதியைச் சேர்ந்த சேரிஞாக் என்ற சிற்றூரில் ஒரு வணிகரின் மகனாக ரேமண்ட் பிறந்தார். 1775-ல், இருபது வயது நிரம்பும் நேரத்தில், தம்பியையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குக் கப்பலேறினார். கடை வைத்துப் பிழைக்க வேண்டும் என்பதே சகோதரர்களின் எண்ணம். நாடு பிடிக்கும் யோசனை எதுவும் அன்று அவர் மனத்தில் இல்லை.

அவர் வந்த காலம் நல்ல காலமாக இல்லை. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கியிருந்தார்கள். 1763-ம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்தாலும் பழைய வாழ்வு திரும்பவில்லை. பிரெஞ்சுக் கும்பினியின் தனியுரிமையும் 1769-ல் நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது. கடல் வழியோ ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1778-ல் புதுச்சேரி மறுபடியும் அவர்கள் வசமாயிற்று. இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறு வியாபாரி எப்படித் தலையெடுக்க முடியும்?

ஆனால் அந்தக் காலத்தில் எல்லாச் சரக்கையும்விட விலைபோன சரக்கு ஒன்று இருந்தது. அது ஐரோப்பியப் போர்ப் பயிற்சி. தராசைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார் ரேமண்ட். மைசூரில் ஐதர் அலியின் கீழ் இருந்த பிரெஞ்சுப் படைப் பிரிவில் சாதாரண இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். 1783-ல், முதுமையடைந்திருந்த புஸ்ஸி மறுபடியும் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து கடலூரில் ஆங்கிலேயரோடு போரிட்டபோது, ரேமண்ட் அவருடைய அணுக்க அதிகாரியானார். தக்காணத்து அரசர்களின் குணமும், அவர்கள் தர்பாரில் நடந்துகொள்ளும் முறையும் புஸ்ஸிக்கு அத்துப்படி. அவரிடம் ரேமண்ட் பெற்ற பாடம் அது. 1785 ஜனவரியில் புஸ்ஸி புதுச்சேரியில் காலமானார். அடுத்த ஆண்டு ரேமண்ட் ஐதராபாத்துக்கு வந்து நிஜாம் அலிகானிடம் வேலை கேட்டார்.

வாடகைத் துப்பாக்கிகள்

அவர் தொடக்கத்தில் திரட்டிய ஆட்கள் முன்னூறு பேர் மட்டுமே. அவர்களுக்குக் கொடுக்கத் துப்பாக்கி கூட அவரிடம் இல்லை. ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம், துப்பாக்கி ஒன்றுக்கு மாதம் எட்டணா வாடகை பேசி எடுத்துக்கொண்டார் என்று அக்கால ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். சைக்கிளை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்குவது போலத்தான் அந்தப் பட்டாளம் தொடங்கியது.

ஆட்களைப் பழக்குவதில் ரேமண்டுக்கு நிகர் அவரே. சம்பளத்தை வேளைக்குக் கொடுத்தார். குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார். சிப்பாய்களோடு பிரியமாகப் பழகினார். அதனால் ஆட்கள் தேடி வந்தார்கள். பத்தாண்டுகளுக்குள் முன்னூறு என்பது பத்தாயிரத்தைத் தாண்டியது. உயிரோடு இருந்த கடைசி நாட்களில் அவர் கீழ் ஏறத்தாழ பதினாலாயிரம் பேர் இருந்தார்கள். வாடகைத் துப்பாக்கிக்கும் முடிவு வந்தது. பீரங்கியும் குண்டும் வார்க்கும் சாலைகளை ஐதராபாத்திலேயே ஏற்படுத்தினார். ஆபிட்ஸ் அருகே கன்பவுண்டரி என்று நாம் சொல்லும் இடத்தில் பழைய வார்ப்படச் சாலையின் சிதைந்த சுவர்கள் உள்ளன. தோப் கா சாஞ்சா என்பது உருதுப் பெயர். 1796-ல் நிஜாமின் படைக்கல சாலைகள் அனைத்துக்கும் அவரே மேற்பார்வையாளர் ஆனார்.

கர்தாவில் நேர்ந்த தோல்வி

1795-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள கர்தா என்ற ஊரில் மராட்டியர்கள் நிஜாமை எதிர்த்தார்கள். நிஜாம் ஆங்கிலேயரிடம் உதவி கேட்டிருந்தார். கவர்னர் ஜெனரல் சர் ஜான் ஷோர் தலையிட மறுத்துவிட்டார். ரேமண்டின் படையே நிஜாமுக்கு முதுகெலும்பாக நின்றது. எதிர்ப்பக்கம் சிந்தியாவின் காலாட்படையை நடத்தியவர் பெர்ரோன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர். இரண்டு இந்திய அரசர்கள் மோதிய களத்தில் இரண்டு பக்கத்துப் பயிற்சிப் படைகளுக்கும் தலைமை வகித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதே அக்காலத்து நிலைமையைச் சொல்லும்.

ரேமண்டின் ஆட்கள் கலையாமல் நின்று போரிட்டார்கள். ஆனால் கிழ நிஜாம் மனம் தளர்ந்து, அந்தப்புரத்துப் பெண்களோடு கர்தா கோட்டைக்குள் போய் அடைந்துகொண்டார். மற்றப் படைகள் இருட்டில் பீதியடைந்து சிதறின. மூன்று கோடி ரூபாயும், தௌலதாபாத் உள்ளிட்ட நிலமும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, தம் மந்திரி அரிஸ்து ஜாவையும் பிணையாக ஒப்படைத்துவிட்டு நிஜாம் திரும்பினார்.

வேளைக்கு உதவாத ஆங்கிலேயர் மீது அவருக்குக் கோபம். தம் நகரில் இருந்த ஆங்கிலப் படைப் பிரிவுகளைத் திருப்பி அனுப்பினார். அதே ஆண்டில் அவருடைய மூத்த மகன் அலி ஜா கலகம் செய்தபோது அதை அடக்கிப் பிடித்துக் கொடுத்தவரும் ரேமண்டே. அவமானம் தாங்காமல் இளவரசர் வழியிலேயே நஞ்சருந்தி மாண்டார். நிஜாம் ரேமண்டுக்கு நவாப் பட்டமும் ஜாகிரும் அளித்தார். படைச் செலவுக்காகக் கடப்பைப் பக்கத்து நிலங்களும் ஒதுக்கப்பட்டன.

கடப்பையின் பெயரைக் கேட்டதும் சென்னைக் கோட்டையில் தூக்கம் போயிற்று. கர்நாடகத்தின் எல்லையில் பிரெஞ்சுப் பட்டாளம் வந்து உட்கார்ந்தால் சென்னைக்கே ஆபத்து என்று ஆங்கிலேயர் கருதினார்கள். பிரான்ஸில் புரட்சி நடந்து, மன்னர் தலை உருண்டிருந்த காலம் அது. ரேமண்டின் படையோ நிஜாமின் கொடியோடு புரட்சியின் மூவர்ணக் கொடியையும் பிடித்தது. அவர் திப்பு சுல்தானோடு இரகசியமாகக் கடிதம் எழுதிக்கொள்கிறார் என்றும் ஆங்கிலேயர் சந்தேகித்தார்கள்.

எதிர்பாராத மரணம்

1798-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி ரேமண்ட் காலமானார். வயது 42. நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று அன்றே ஊரில் பேச்சு எழுந்தது. ஆனால் அது மெய்ப்பிக்கப்படவில்லை. சிப்பாய்கள் தகப்பனை இழந்தவர்கள் போல் அழுதார்கள். மூசிக்குத் தெற்கே, சரூர்நகர் செல்லும் வழியில் அஸ்மான்கட் மேட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அடுத்த மாதமே வெல்லெஸ்லி பிரபு சென்னையில் வந்து இறங்கினார். மே மாதம் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் பொறுப்பை ஏற்றார். ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் படையுடன் இறங்கினார். இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் வேரே இருக்கக்கூடாது என்று வெல்லெஸ்லி முடிவு செய்தார். ஐதராபாத்தில் ஆங்கிலேயரின் ரெசிடென்டாக இருந்தவர், சென்னைக் கோட்டையிலேயே பிறந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக். மராட்டியரிடமிருந்து மீண்டு வந்திருந்த மந்திரி அரிஸ்து ஜா ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்திருந்தார். ரேமண்டின் இடத்துக்கு வந்த பிரோன் என்பவருக்கோ அவருடைய செல்வாக்கில் கால்பங்கும் கிடையாது.

1798 செப்டம்பர் 1-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆறு பட்டாளம் ஆங்கிலச் சிப்பாய்கள் நிரந்தரமாக ஐதராபாத்தில் இருப்பார்கள். அதற்காக நிஜாம் ஆண்டுதோறும் 24,17,100 ரூபாய் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுப் படையைக் கலைத்துவிட வேண்டும். இதுவே பாடப் புத்தகங்களில் நாம் படிக்கும் துணைப்படைத் திட்டம்.

அக்டோபர் 22-ந் தேதி ஆங்கிலப் படை பிரெஞ்சு முகாமைச் சூழ்ந்துகொண்டது. அதற்குள் சிப்பாய்கள் சம்பளப் பாக்கி கேட்டுத் தங்கள் அதிகாரிகளையே சிறைவைத்திருந்தார்கள். பாக்கி கிடைக்கும் என்ற உறுதியின் மேல் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். ரேமண்ட் பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த படை, போர் எதுவும் நடக்காமல் ஒரே நாளில் மறைந்தது. பிரெஞ்சு அதிகாரிகள் கைதிகளாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

மறு ஆண்டு மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். 1800-ல் துணைப்படையின் செலவுக்காகப் பல்லாரி, அனந்தபூர், கடப்பை வட்டாரங்களை நிஜாம் கும்பினிக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார். தெலுங்கில் அவற்றைத் தத்த மண்டலம் என்றார்கள், இன்று ராயலசீமை. ரேமண்டின் படைச் சம்பளத்துக்கென்று ஒதுக்கிய கடப்பையே இப்போது ஆங்கிலேயர் படைச் சம்பளத்துக்குப் போயிற்று. ஆள் மாறினார், கணக்கு மாறவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1853-ல், இன்னொரு படையின் சம்பளப் பாக்கிக்காகப் பேரார் மாநிலமும் நிஜாம் கையை விட்டுப் போயிற்று.

லஷ்கரும் தமிழரும்

பிரெஞ்சுப் படை இருந்தது மூசிக்குத் தெற்கே. ஆங்கிலப் படை முகாமிட்டது உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே. 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அந்த முகாமுக்குச் செகந்திராபாத் என்று பெயர் சூட்டப்பட்டது. இன்றும் முதியவர்கள் செகந்திராபாத்தை லஷ்கர் என்றே சொல்வார்கள். லஷ்கர் என்றால் படை முகாம்.

அந்தப் பட்டாளம் சென்னை ராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே சிப்பாய்களோடு சென்னை, வேலூர், ஆற்காடு பக்கத்து மக்களும் வந்தார்கள். கணக்குப்பிள்ளைகள், துபாஷிகள், பட்லர்கள், சமையற்காரர்கள், கொத்தனார்கள், சரக்கு சப்ளை செய்யும் முதலியார்கள் என்று ஒரு தமிழ்க் குடியிருப்பே இங்கே எழும்பியது. 1862-ல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி ஆயிற்று. 1893-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே சொற்பொழிவாற்றினார். 1874-ல் ரயில் வந்தபின் இன்னும் பலர் வந்தார்கள். கண்டோன்மென்ட்டை ஒட்டிய மாரெட்பள்ளியில் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கியது இந்த வழியாகத்தான்.

ரேமண்டும் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர். நம் முன்னோரும் பிழைப்புக்காகவே ஊர் விட்டு வந்தவர்கள். ஆனால் குமாஸ்தாவும் கூலிக்காரரும் தங்கள் உழைப்பை விற்றுச் சம்பளம் வாங்கினார்கள். கும்பினிகளோ பட்டாளத்தை வாடகைக்கு விட்டு, வாடகைக்குப் பதிலாக ஊரையே எழுதி வாங்கின. வீட்டுக் காவலுக்குப் பிறரை நம்பி, அதற்காகக் கடனும் பட்ட சொந்தக்காரருக்கு வீடு தங்காது என்பதை நிஜாம்களின் கதை காட்டுகிறது.

ரேமண்டின் கட்சி வென்றிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? புஸ்ஸி வட சர்க்காரை வாங்கியதை மறந்துவிட முடியாது. பிரெஞ்சுக் கும்பினியின் நோக்கமும் ஆங்கிலக் கும்பினியின் நோக்கமும் ஒன்றே. ஆனால் ஐதராபாத் மக்கள் கும்பினியை நினைக்கவில்லை, மனிதரை நினைத்தார்கள். வேளைக்குச் சம்பளம் கொடுத்தவரை, சிப்பாயை மனிதனாக நடத்தியவரை அவர்கள் மறக்கவில்லை. அவருடைய நினைவு நாளில் சமாதியில் கூடும் வழக்கம் ஒன்றரை நூற்றாண்டு காலம், 1940-கள் வரையில், இருந்து வந்தது.

அஸ்மான்கட் மேட்டில் ஏறத்தாழ இருபத்து மூன்று அடி உயரமுள்ள கல் தூண் நிற்கிறது. அதில் நீண்ட வாசகம் எதுவும் இல்லை. அவர் பெயரின் எழுத்துக்கள் மட்டுமே. அருகிலிருந்த தூண் மண்டபம் 2001-ல் மழையில் இடிந்து விழ, பிறகு மீண்டும் கட்டப்பட்டது. மேட்டில் ஏறி நின்று பார்த்தால் ஐதராபாத் விரிந்து கிடக்கிறது. வடக்கே, ஏரிக்கு அப்பால், லஷ்கர். ஒரு பட்டாளம் கலைந்த இடத்தையும், இன்னொரு பட்டாளம் வந்து தங்கிய திசையையும் அங்கிருந்து ஒருசேர எண்ணிப் பார்க்கலாம்.